பட்டறைப் பதில்கள்: எஞ்சின் மாத்துறவங்க முதல்ல பிரேக்கைப் பாருங்க

போன மாசம் ஒருத்தருக்குப் பதில் எழுதும்போது, "பழைய காருக்கு எஞ்சினும் கியர்பாக்ஸும் மாத்துறது வீட்டுலயே முடியுற வேலைதான்"னு போற போக்குல ஒரு வரி சேர்த்திருந்தேன். வந்த கேள்வி பூராவும் அதைப் பத்தியே வந்திருக்கு. அதனால இந்த மாசம் வேற பேச்சே கிடையாதுங்க.

எங்கள் தாத்தா வாங்கிய 1977 அம்பாசடர் மார்க் 3 ஷெட்டில் நிற்கிறது. எஞ்சின் நீலப்புகை தள்ளுகிறது. கண்டம் ஆன (ஓட்டத் தகுதியற்றதென ஒதுக்கப்பட்ட) அம்பாசடர் 1800 ஒன்றிலிருந்து இசுசு பெட்ரோல் எஞ்சினும் ஐந்து கியர் பெட்டியும் சேர்த்து விலைக்கு வருகிறது. "ரெண்டுமே அம்பாசடர்தானே, கழட்டி மாட்ட வேண்டியதுதான்" என்கிறார் நண்பர். நானே செய்யலாமா?
வாசகர், காரைக்குடி

செய்யலாமுங்க. ஆனா உங்க நண்பர் பாடியைப் பார்த்துச் சொல்றாரு. உள்ளே இருக்கிறது வேற வேற சாதி. உங்க வண்டியில இருக்கிறது 1489 சிசி, இங்கிலாந்து பி.எம்.சி. காரங்க பி சீரிஸ் எஞ்சின். 50 ஹெச்.பி. பக்கம் தரும். 1990-கள்ல வந்த 1800-ல இருக்கிறது ஜப்பான் இசுசு வடிவம், 1817 சிசி, 75 ஹெச்.பி. மவுண்டிங் வேற, பெல் ஹவுசிங் (எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கிற மணி மாதிரி உறை) வேற, கியர்பாக்ஸ் நீளம் வேற. உங்களுது ஸ்டியரிங் கியர் (லிவர் ஸ்டியரிங் பக்கத்துல), அது தரை கியர் (லிவர் தரையில). 1800 விடும்போது அம்பாசடர் கம்பெனிக்காரங்களே எஞ்சினை மட்டும் மாத்திட்டு விட்டுடலை.

அதனால எஞ்சினுக்கு மட்டும் விலை பேசாதீங்க. கண்டம் வண்டி முழுசா நிக்குதுன்னா, மவுண்டிங் பிராக்கெட், கியர்பாக்ஸைத் தாங்குற கிராஸ்மெம்பர், ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் (கியர்பாக்ஸ்ல இருந்து பின் ஆக்சிலுக்குப் போற சுழல் தண்டு), ஃபேன் கவரோட ரேடியேட்டர், கிளட்ச் சிலிண்டர் ரெண்டும், ஸ்பீடாமீட்டர் கேபிள், ஆக்சிலேட்டர் கேபிள், சைலன்ஸரோட முன் பைப், சாக்கெட்டு அறுக்காத வயரிங் எல்லாத்தையும் சேர்த்து ஒரே விலையா முடிங்க. அன்னிக்குக் குப்பை மாதிரித் தெரியுற ஒரு பிராக்கெட்டை அப்புறமா தேடினா, சென்னை புதுப்பேட்டைக்கும் கோயம்புத்தூர் உக்கடத்துக்கும் அலைஞ்சே காசு கரையும்.

வாங்குறதுக்கு முன்னாடி பிளக்கு நாலையும் கழட்டிட்டு கம்ப்ரெஷன் கேஜ் வெச்சுப் பாருங்க. நாலு சிலிண்டரும் ஒண்ணுக்கொண்ணு பத்து சதவீதத்துக்குள்ள இருந்தா நல்லது. ஒண்ணு மட்டும் ரொம்ப இறங்கினா வால்வோ ரிங்கோ போயிருக்கு. ஆயில் மூடிக்கு அடியில மோர் மாதிரி வெள்ளையா இருந்தா தண்ணி கலந்திருக்கு, தொடாதீங்க. கியர்பாக்ஸ் ஆயிலை ஒரு தட்டுல வடிச்சு வெயில்ல காட்டுங்க. மாவு மாதிரி மினுமினுப்பு இருந்தா பரவாயில்லை. நகத்துல மாட்டுற அளவுக்குத் துணுக்கு வந்தா உள்ளே பல் உடைஞ்சிருக்கு.

தரையில கியர் ஓட்டை வெட்டுறதுலதான் ரொம்பப் பேரு அவசரப்படுறாங்க. பேப்பர்ல அளவு எடுத்து முதல்லயே வெட்டிடாதீங்க. எஞ்சினையும் கியர்பாக்ஸையும் உள்ளே தொங்க விட்டு, மவுண்டிங்கைத் தற்காலிகமா ஒரு பொட்டு வெல்டிங்ல நிறுத்தி, லிவர் எங்க வருதுன்னு தரைக்கு அடியில இருந்து சாக்பீஸ்ல குறிச்சுக்கங்க. அப்புறம் வெட்டுங்க. முன் சீட்டைத் திரும்ப வெச்சு உட்கார்ந்து, ரெண்டு, நாலு, ரிவர்ஸ் மூணையும் போட்டுப் பாருங்க. பழைய பெஞ்ச் சீட்டோட விளிம்புல லிவர் இடிக்கும். இடிச்சா லிவரைச் சூடு காட்டி முன்பக்கமா வளைக்கிறதா, சீட்டை மாத்துறதான்னு அப்ப முடிவு பண்ணிக்கலாம். டிங்கரை அதுக்கு அப்புறம்தான் கூப்பிடணும்.

அடுத்து பின் ஆக்சில். கிரவுன் பினியன் விகிதம் (பின் சக்கரம் ஒரு சுத்து சுத்த ஷாஃப்ட் எத்தனை சுத்து சுத்தணுங்கிறது) என்னன்னு யார்கிட்டயும் கேக்க வேண்டாம், நீங்களே எண்ணிக்கலாம். முன் சக்கரத்துக்கு முட்டுக் குடுத்து, பின்பக்கம் ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியில தூக்கி, அந்தப் பக்கம் ஸ்டாண்டு போட்டு, நியூட்ரல்ல விடுங்க. ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்ல ஒரு கோடு, டயர்ல ஒரு கோடு போடுங்க. டயரை ரெண்டு சுத்து சுத்துங்க. அந்த நேரத்துல ஷாஃப்ட் எத்தனை சுத்து சுத்துதோ அதுதான் விகிதம். ஒரு சக்கரம் தரையில நிக்கிறதாலதான் ரெண்டு சுத்து. 4.5 வருதுன்னு வைங்க. 15 அங்குல அம்பாசடர் டயர் ஒரு சுத்துக்கு 2 மீட்டருக்குக் கொஞ்சம் மேல போகும். 3000 ஆர்.பி.எம்.ல நேர் கியர்ல 82 கிலோமீட்டர் வேகம் வரும். அஞ்சாவது கியர் 0.85-ன்னா அதே 3000-த்துல 96 வரும். எஞ்சின் அலறாம திருச்சி ரோட்டுல போக இது போதும், ஆக்சிலைத் தொட வேண்டாம். கணக்குல 75, 80-க்குள்ளயே நின்னா அப்ப யோசிக்கலாம்.

இதெல்லாம் இருக்கட்டும். எஞ்சினைத் தொடுறதுக்கு முன்னாடி பிரேக் வேலையை முடிங்க. உங்க வண்டியில நாலு பக்கமும் டிரம், மாஸ்டர் சிலிண்டர் ஒத்தை லைன். எங்கயாவது ஒரு ஹோஸ் வெடிச்சா நாலு சக்கரத்துக்கும் சேர்த்து பிரேக் போயிடும். பின்னாள்ல வந்த அம்பாசடர்கள்ல முன்பக்கம் டிஸ்க் பிரேக் கிடைச்சது, அந்தச் சாமான் பழசுல கிடைக்கும். ரெட்டை லைன் மாஸ்டர் சிலிண்டர், பிரேக் பூஸ்டர், புது ஹோஸ் எல்லாம் மாத்திட்டு, புகை தள்ளினாலும் பரவாயில்லைன்னு பழைய எஞ்சின்லயே ஓட்டிப் பாருங்க. ஏன் இந்த வரிசைன்னா, எஞ்சினும் புதுசு பிரேக்கும் புதுசுன்னு ஒரே நாள்ல ரோட்டுல இறக்கினா, வண்டி ஒரு பக்கம் இழுத்தாக்கூட எதனாலன்னு கண்டுபிடிக்க முடியாது. காகித விஷயத்துக்கு, கீழே ஈரோட்டுக்காரருக்குச் சொன்ன பதிலையும் படிச்சுக்குங்க.

போர்ட்டிகோவில் ஃபேன் மாட்ட விட்ட கொக்கி இருக்கிறது. அதில் செயின் பிளாக் கட்டி எஞ்சினைத் தூக்கலாமா?
வாசகர், நாமக்கல்

வேண்டாஞ்சாமி. அந்தக் கொக்கி ஃபேனுக்குப் போட்டது. அம்பாசடர் மாதிரி வண்டியில எஞ்சினும் கியர்பாக்ஸும் சேர்ந்து 200 கிலோவைத் தொடும். தூக்கும்போது ஒரு குலுக்கு விழுந்தா அதுக்கும் மேல.

உங்க ஊர்ல போர்வெல் மோட்டார் தூக்குறவங்க மூணு காலு இரும்பு பைப் ஸ்டாண்டு வெச்சிருப்பாங்க. ஒரு நாள் வாடகைக்குக் கேளுங்க, அவங்க ஒரு டன் செயின் பிளாக்கும் சேர்த்தே குடுப்பாங்க. மூணு காலும் விலகாம கீழே சங்கிலியோ கயிறோ சுத்திக் கட்டுங்க. பானெட்டைக் கழட்டும்போது கீல் இருக்கிற இடத்தைச் சுத்தி பென்சில்ல கோடு போட்டுட்டுக் கழட்டுங்க, திரும்ப மாட்டும்போது இடைவெளி சரியா வரும். பேட்டரி, தண்ணி, எஞ்சின் ஆயில், கியர் ஆயில் எல்லாம் முதல்லயே எடுத்துடணும். கியர்பாக்ஸ் வால் கீழே சாயுறபடி சங்கிலியைப் போடுங்க, அப்பத்தான் முன்பக்கமா வெளிய வரும். சாயும்போது வால் பக்கம் மிச்ச ஆயில் ஒழுகும், பிளாஸ்டிக் பையை வெச்சு சைக்கிள் டியூப்ல இறுக்கிடுங்க. எஞ்சின் மேலே வந்ததும் அதை நகர்த்தாதீங்க, காரைப் பின்னால தள்ளுங்க.

காருக்கு அடியில ஹாலோ பிளாக் கல்லு, செங்கல் எதுவும் வேண்டாம். ஹாலோ பிளாக் சொல்லாமக் கொள்ளாம பொடியாயிடும். இரும்பு ஸ்டாண்டு வாங்க முடியலைன்னா இந்த வேலையே வேண்டாம்.

என்னிடம் ஸ்டாண்டர்டு ஹெரால்டு உள்ளது. மாருதி சுஸுகி ஜிப்ஸியின் எஞ்சினும் கியர்பாக்ஸும் பொருந்துமா? ஜிப்ஸி நான்கு சக்கரங்களும் இழுக்கும் வண்டியாயிற்றே, கியர்பாக்ஸ் எப்படிச் சேரும்?
வாசகர், தாம்பரம்

உங்க வீட்டுக்குப் பக்கத்துல, பெருங்களத்தூர்ல பிறந்த வண்டி. அதுக்காகவே உங்க கேள்விக்கு நீளமா எழுதத் தோணுது.

வீட்டுல வேலை செய்ய ஹெரால்டு மாதிரி சௌகரியமான கார் கிடையாதுங்க. பானெட்டு மட்கார்டோட சேர்ந்து முன்பக்கமாக் கவுந்துடும். முன் டயர் மேல உட்கார்ந்துக்கிட்டே எஞ்சின் வேலை பார்க்கலாம். சேசிஸ் தனி, பாடி தனி, அதனால மவுண்டிங் வெல்டு பண்ண நல்ல கெட்டி இரும்பு கிடைக்கும்.

ஜிப்ஸி சந்தேகம் நியாயமானது. ஆனா ஜிப்ஸியில நாலு சக்கரத்துக்குப் பிரிக்கிற பெட்டி கியர்பாக்ஸோட ஒட்டி இருக்காது. தனியா பின்னால இருக்கும், நடுவுல ஒரு குட்டி ஷாஃப்ட். அந்தப் பெட்டியையும் குட்டி ஷாஃப்ட்டையும் விட்டுட்டா மிச்சம் இருக்கிறது சாதாரண பின் சக்கர வண்டி கியர்பாக்ஸ்தான். உலகம் பூரா சின்னப் பழைய கார்களுக்கு இந்த சுஸுகி கியர்பாக்ஸைத் தேடி வாங்குறதுக்குக் காரணமே இதுதான்.

சிக்கல் மூணு இடத்துல வரும். கிளட்ச் முதல்ல. ஜிப்ஸியில கேபிள், ஹெரால்டுல ஹைட்ராலிக். ஒண்ணு பெடலைக் கேபிளுக்கு மாத்தணும், இல்லைன்னா பெல் ஹவுசிங் வெளிய ஒரு பிராக்கெட் அடிச்சு, ஸ்லேவ் சிலிண்டரை வெச்சு ஜிப்ஸி லிவரைத் தள்ளணும். ரெண்டாவது வழிதான் எனக்குப் பிடிச்சது, பெடல் பக்கம் எதையும் வெட்ட வேண்டாம். பிராக்கெட் மட்டும் கெட்டியா இருக்கணும். 3 மில்லி தகட்டுல அடிச்சீங்கன்னா பெடலை மிதிக்கும்போது தகடுதான் வளையும், கிளட்ச் விடாது.

அடுத்தது ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட். ஒரு முனை ஜிப்ஸி, மறு முனை ஹெரால்டு. லேத் பட்டறையில ரெண்டையும் ஒரே பைப்புல வெல்டு பண்ணித் தருவாங்க. வெல்டு முடிஞ்சதும் பாலன்ஸிங் மெஷின்ல ஏத்தித்தான் வாங்கணும். ரெண்டு முனையிலயும் கிராஸ் நுகம் ஒரே நேர்கோட்டுல இருக்கணும், கால்வாசி திரும்பி இருந்தாக்கூட வண்டி உறுமும். ஹெரால்டுல டிஃபரன்ஷியல் (பின் சக்கரம் ரெண்டுக்கும் சுழற்சியைப் பிரிச்சுக் குடுக்கிற பெட்டி) சேசிஸோட இறுக்கியிருக்கும், ஆக்சில் மாதிரி ஏறி இறங்காது. அதனால கோணத்தை ஒரு தடவை சரியா வெச்சா மாறவே மாறாது. கியர்பாக்ஸ் சாய்மானமும் டிஃபரன்ஷியல் மூக்கோட சாய்மானமும் ஒண்ணுக்கொண்ணு இணையா, ஒரு டிகிரிக்கு மேல வித்தியாசம் இல்லாம வைங்க. போன்லயே கோணம் பார்க்கிற ஆப் இருக்கு, அதை வெச்சே பார்த்துடலாம்.

மூணாவதுதான் உயிர் சம்பந்தப்பட்டது. ஹெரால்டு பின்பக்கம் ஸ்விங் ஆக்சில், அதாவது ஒவ்வொரு பின் சக்கரமும் தனித்தனியா ஏறி இறங்குற அமைப்பு. வளைவுல வேகமாப் போய்ட்டு திடீர்னு ஆக்சிலேட்டரை விட்டாலோ பிரேக் மிதிச்சாலோ வெளிப்பக்கப் பின் சக்கரம் உள்ளே மடங்கும். பழைய 948 சிசி எஞ்சின் உங்களை அந்த வேகத்துக்கே கொண்டு போகாது. 1298 சிசி ஜிப்ஸி எஞ்சின் சுலபமாக் கொண்டு போகும். ஸ்டாண்டர்டு கம்பெனி பின்னால விட்ட கெஸல்ல ஸ்விங் ஆக்சிலை எடுத்துட்டு நேர் ஆக்சிலே போட்டாங்க. அதனால 80 ஹெச்.பி. எம்.பி.எஃப்.ஐ. (கம்ப்யூட்டர் சொல்றபடி பெட்ரோலைப் பீச்சுற) எஞ்சின் வேண்டாம்னு சொல்றேன். கார்ப்பரேட்டர் வெச்ச ஜிப்ஸி எஞ்சினே தாராளம். அந்தக் கம்ப்யூட்டர் (ஈ.சி.எம்.), ஹை பிரஷர் பம்ப், டேங்க் வரைக்கும் ரிட்டர்ன் லைன்னு அலையவும் வேண்டாம்.

பிரீமியர் பத்மினிக்கு, அதே கம்பெனியின் 118 என்.இ. காரின் நிஸான் எஞ்சின், கியர்பாக்ஸ் இரண்டும் போட நினைக்கிறேன். உங்கள் கருத்து?
வாசகர், பாளையங்கோட்டை

கியர்பாக்ஸ் போடுங்க, எஞ்சினை விட்டுடுங்க. பத்மினியோட 1089 சிசி எஞ்சின் 40 ஹெச்.பி., நிஸான் 1171 சிசி 52 ஹெச்.பி. பன்னெண்டு ஹெச்.பி.க்காக பத்மினியோட ஃபியட் எஞ்சினைத் தூக்கிப் போடுறதுல எனக்குச் சம்மதம் இல்லை. நல்ல மெக்கானிக் கையில போரிங் பண்ணி (சிலிண்டரைக் கடைஞ்சு சரி பண்ணி), கிராங்க் கிரைண்டிங் பண்ணின பத்மினி எஞ்சின் இன்னும் பல வருஷம் ஓடும்.

ஸ்டியரிங் கியர்தான் அந்த வண்டியோட தலைவலி. புஷ் தேஞ்சா ரெண்டாவதுக்குப் போறது ரிவர்ஸ்ல போய் நிக்கும். கம்பெனியே கடைசிக் காலத்துல பத்மினி எஸ்1-ல நிஸான் கியர்பாக்ஸைத் தரை லிவரோட போட்டுக் குடுத்தாங்க. அந்த பெல் ஹவுசிங் கிடைச்சா உங்க வேலை பாதி முடிஞ்சது. கிடைக்கிற வரைக்கும் காத்திருங்க, அடாப்டர் பிளேட் (பொருந்தாத எஞ்சினையும் கியர்பாக்ஸையும் சேர்க்க நடுவுல வெக்கிற தகடு) அடிக்கப் போகாதீங்க. ஏன்னு அடுத்த பதில்ல இருக்கு.

அம்பாசடரின் பழைய 1489 சிசி எஞ்சினுக்கு வேறு ஒரு வண்டியின் ஐந்து கியர் பெட்டியை அடாப்டர் பிளேட் அடித்துச் சேர்த்தேன். ஓடுகிறது. ஆனால் கிளட்ச் பிளேட்டின் நடுப்பகுதி பிய்ந்து விடுகிறது. புது பிளேட் போட்டும் அதே கதை. முதல் கியர் போடும்போது கரகரவென்று சத்தம்.
வாசகர், ஓசூர்

கிளட்ச் பிளேட் மேல தப்பு இல்லைங்க. கியர்பாக்ஸ் எஞ்சினுக்கு நேரா நிக்கலை.

கிராங்க் சுத்துற மையமும் கியர்பாக்ஸ் உள் ஷாஃப்ட் சுத்துற மையமும் ஒரே கோட்டுல இருக்கணும். அடாப்டர் பிளேட்டுல போல்ட் ஓட்டையை அட்டையில அச்செடுத்து, டிரில் போட்டு அடிச்சிருப்பாங்க. போல்ட்டு ஓட்டைக்கு அரை மில்லி விளையாட்டு உண்டு. அந்த அரை மில்லியில பெட்டி கீழே இறங்கி உட்காரும். ஒவ்வொரு சுத்துக்கும் கிளட்ச் பிளேட்டோட நடு மேலயும் கீழயுமா இழுபடும், ரிவெட்டு பிய்யும்.

பார்க்கிற விதம் சொல்றேன். கியர்பாக்ஸையும் கிளட்சையும் இறக்குங்க. வெறும் பெல் ஹவுசிங்கை அடாப்டர் பிளேட்டோட எஞ்சின்ல இறுக்குங்க. டயல் கேஜோட காந்த ஸ்டாண்டை ஃப்ளைவீல்ல ஒட்ட வைங்க. கேஜ் மூக்கு, பெல் ஹவுசிங் பின்பக்கம் கியர்பாக்ஸ் உட்காருற வட்ட ஓட்டையோட உள்விளிம்பைத் தொடணும். பிளக்கைக் கழட்டிட்டு எஞ்சினைக் கையால ஒரு முழுச் சுத்து மெதுவாச் சுத்துங்க. முள்ளு ஒரு பக்கம் அதிகபட்சம், எதிர்ப்பக்கம் குறைஞ்சபட்சம் காட்டும். ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்துல பாதிதான் மையம் விலகின அளவு. 5 தௌ (ஒரு தௌன்னா அங்குலத்துல ஆயிரத்துல ஒரு பங்கு), அதாவது 0.13 மில்லிக்குள்ள இருக்கணும். உங்களுது இருபதைத் தாண்டும்னு நினைக்கிறேன்.

சரி பண்ண, போல்ட்டை லூஸ் பண்ணி பிளேட்டை மெதுவாத் தட்டி, கேஜைப் பார்த்துக்கிட்டே மையத்துக்குக் கொண்டு வாங்க. வந்ததும் இறுக்கிட்டு, பிளேட்டையும் எஞ்சினையும் சேர்த்து ரெண்டு இடத்துல ரீமர் போட்டு டவல் பின் (இடம் நகராம நிறுத்துற இரும்பு முளை) அடிங்க. இனி கழட்டி மாட்டினாலும் இடம் மாறாது. அடாப்டர் பிளேட்டுல டவல் பின் இல்லாம எந்த லேத்காரர் குடுத்தாலும் வாங்காதீங்க. எங்க கோயம்புத்தூர்ல கணபதி, பீளமேடு ஏரியாப் பக்கம் லேத்துல வேலை செய்யுற பையனுக்குக்கூட இது தெரியும். டிராயிங்ல டவல் எழுதாம குடுத்தா அவன் ஓட்டை போட்டுக் குடுத்துட்டுப் போயிடுவான், அவனைக் குறை சொல்ல முடியாது.

அந்தக் கரகர சத்தத்துக்கு பைலட் புஷ்ஷைப் பாருங்க. கிராங்க் முனையில இருக்கிற சின்னப் பித்தளை புஷ் அது. வேற கியர்பாக்ஸ்னா அதோட மூக்கு தடிமன் வேற, புது புஷ் கடையணும். அது இல்லாமலே மாட்டியிருந்தா, கிளட்ச் மிதிச்சாலும் ஷாஃப்ட் ஆடிக்கிட்டே சுத்தும், கியர் கரகரன்னுதான் விழும்.

எஞ்சின் மாற்றியபின் ஸ்டார்ட் செய்யும்போது சோக் கேபிளில் புகை வருகிறது!
வாசகர், சேலம்

எர்த் பட்டையை மாட்ட மறந்துட்டீங்க. எஞ்சின் ரப்பர் மவுண்டிங் மேல நிக்குது, பாடியோட இரும்புத் தொடர்பு இல்லை. ஸ்டார்ட்டர் இழுக்கிற கரண்டு திரும்பிப் போக வழி தேடி சோக் கேபிள் வழியாப் போகுது. எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவுல தடிமனான பட்டை ஒண்ணு போடுங்க, பெயின்ட்டைச் சுரண்டிட்டு. சோக் கேபிளையும் மாத்திடுங்க, உள்ளே உருகியிருக்கும்.

இதைப் படிக்கிற மத்தவங்களுக்கு: 1960-கள் இங்கிலாந்து வழி வண்டிகள்ல பாசிட்டிவ் எர்த் (பேட்டரியோட பிளஸ் முனை பாடியில சேர்றது) உண்டு. டைனமோவை எடுத்துட்டு ஆல்டர்னேட்டர் வர்ற எஞ்சினை மாட்டுறீங்கன்னா, பேட்டரியில எந்த முனை பாடிக்குப் போகுதுன்னு பார்த்துட்டு மாட்டுங்க. மாறிப் போச்சுன்னா ஆல்டர்னேட்டர் டயோடு அங்கேயே போயிடும்.

மாற்றிய கியர்பாக்ஸில் 90 நம்பர் ஆயில் ஊற்றலாமா?
வாசகர், விருதுநகர்

நம்பர் மட்டும் பார்க்காதீங்க, டின்னுல ஆயிலோட தர வகை ஜி.எல்.-4-ஆ ஜி.எல்.-5-ஆன்னு பாருங்க. பித்தளை சிங்க்ரோ வளையம் இருக்கிற பழைய கியர்பாக்ஸுக்கு 80டபிள்யூ-90 ஜி.எல்.-4. பின் ஆக்சிலுக்கு ஜி.எல்.-5. ஒரே டின்னை ரெண்டுலயும் ஊத்துறது நம்ம ஊர் வழக்கம். வழக்கம்ங்கிறதால சரின்னு ஆயிடாது.

எங்கட அப்பாவின்ர 1960 மொறிஸ் மைனர் இன்னும் ஓடுது. எஞ்சின் களைச்சுப் போச்சு. நிசான் ஏ12 எஞ்சினும் பெட்டியும் கிடைச்சிருக்கு. மைனரின்ர எஞ்சினும் ஏ சீரிஸ், இதுவும் ஏ எண்டபடியால் நேரா இருக்குமோ?
வாசகர், சுன்னாகம், யாழ்ப்பாணம்

யாழ்ப்பாணத்துல மொறிஸ் மைனரும் ஆஸ்டின் ஏ40-யும் இன்னும் தினசரி ஓடுறதைப் பார்த்து நாங்க இங்க பெருமூச்சு விடுறோமுங்க. எழுத்துதான் ஒண்ணு, ரெண்டுக்கும் எதுவும் நேரா உட்காராது. மவுண்டிங், ஷாஃப்ட் எல்லாம் புதுசா அடிக்கணும். ஆனா அளவுல சின்ன எஞ்சின், மைனர்ல தாராளமா அடங்கும்.

ஒண்ணு மட்டும் கவனம். நிசான் பெட்டிக்கு இடம் பத்தலைன்னு தரைக்கு அடியில இருக்கிற குறுக்குச் சட்டத்துல கை வெச்சிடாதீங்க. மைனர்ல முன் சக்கரத்தைத் தாங்குற டார்ஷன் பார் (ஸ்பிரிங் மாதிரி முறுக்கிக்கிற கம்பி) ரெண்டும் பின்னால வந்து அந்தச் சட்டத்துலதான் பிடிச்சு நிக்குது. கியர்பாக்ஸைத் தாங்குற சின்னக் குறுக்குத் துண்டு தனி, அதை மாத்தலாம்.

உங்களது 948 சிசி வண்டின்னா பின் ஆக்சில் 4.55 இருக்கும். 1962-க்கு அப்புறம் வந்த 1098 சிசி மைனர்ல 4.22. அந்த டிஃபரன்ஷியலையே மாத்திப் போட்டா நிசான் எஞ்சினுக்கு நல்லாப் பொருந்தும். அதே 1098 வண்டியோட முன் பிரேக் டிரம் 8 அங்குலம், உங்களது 7. கண்டம் மைனர் எங்கயாவது கண்ணுல பட்டா டிரம்மையும் சேர்த்து வாங்கிடுங்க.

பழைய இரும்புக் கடையில் எஞ்சின் வாங்கினேன். "பில் எல்லாம் எதுக்கு" என்கிறார் கடைக்காரர். ஆர்.சி. புத்தகத்தில் மாற்றாமலே ஓட்டினால் என்ன ஆகும்?
வாசகர், ஈரோடு

பில்லு இல்லைன்னா பணத்தைத் திரும்ப வாங்குங்க. திருட்டு வண்டி எஞ்சினா இருந்தா, நம்பர் தேய்ச்சிருந்தா, கோர்ட்டுப் படி ஏறுறது நீங்கதான், கடைக்காரர் இல்லை.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, 52-ஆம் பிரிவு இதைத்தான் பேசுது. கம்பெனி முதல்ல குறிச்ச விவரத்துக்கு ஒத்துவராத மாற்றம் கூடாது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் கேரள வழக்கு ஒண்ணுல இதையே அழுத்திச் சொல்லியிருக்கு. அதே வகை எஞ்சினை அனுமதியோட மாத்துறதுக்கு வழி இருக்கு. வேற வகை எஞ்சின்னா சிக்கல் உங்க ஆர்.டி.ஓ. ஆபீஸ்லதான் தெளிவாகும். அதனால முதல்ல எழுத்து மூலமா மனு, அப்புறம் ஸ்பேனர். பழைய வண்டியோட ஆர்.சி. ரத்தான காகிதம், எஞ்சின் பில், ரெண்டையும் வாங்கி வைங்க. வாங்குற அன்னிக்கே எஞ்சின் நம்பர் மேல செல்லோ டேப் ஒட்டி, பென்சில் தேய்ச்சு அச்செடுத்து பில்லோட பின் அடிச்சுடுங்க. எஃப்.சி. அன்னிக்கு அது உதவும். ஆர்.சி.ல ஒரு நம்பர், பானெட்டுக்குள்ள இன்னொரு நம்பர்னா, விபத்து நடந்தா இன்ஷூரன்ஸ்காரங்க முதல்ல பிடிக்கிறது அதைத்தான்.

இன்னொண்ணும் யோசிங்க. 2021-ல வந்த விதிப்படி, 50 வருஷம் தாண்டின காரை விண்டேஜ்னு தனியாப் பதிவு பண்ணலாம், நம்பர்ல வி.ஏ.ன்னு எழுத்து வரும். புதுசாப் பதிய 20,000 ரூபாய். ஆனா சேசிஸ், பாடி, எஞ்சின் மூணையும் பெருசா மாத்தாம இருக்கணும். காரைக்குடிக்காரர் வண்டி 1977. இன்னும் கொஞ்ச காலத்துல அந்தத் தகுதி வரப்போற வண்டியில இசுசுவை ஏத்துறதா, தாத்தா எஞ்சினையே போரிங் பண்றதான்னு அவர் ஒரு ராத்திரி உட்கார்ந்து யோசிக்கலாம். தினமும் ஓட்டணும்னா மாத்தட்டும். ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போய் வர மட்டும்னா நான் போரிங் பக்கம்தான்.

கழற்றிய பழைய எஞ்சினை எடைக்குப் போட்டுவிடலாமா?
வாசகர், தஞ்சாவூர்

போடாதீங்க. ஆர்.சி.ல இருக்கிற நம்பர் அதுலதான் இருக்கு. வண்டியை விக்கும்போதும், பழையபடி ஆக்கணும்னாலும் அது வேணும். பிளக் ஓட்டையில ஒவ்வொண்ணுலயும் ரெண்டு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு, கையால ரெண்டு சுத்து சுத்தி, பழைய பிளக்கையே மாட்டிடுங்க. கார்ப்பரேட்டர் வாய், சைலன்ஸர் வாய், தண்ணி ஓட்டை எல்லாத்துலயும் துணி அடைச்சு மேல டேப் ஒட்டுங்க, எலி கூடு கட்டும். தரையில நேரா வைக்காம மரக்கட்டை மேல ஏத்தி, சாக்கு போட்டு மூடுங்க. பாலிதீன் ஷீட் வேண்டாம், உள்ளே வேர்த்து துரு ஏறும். மாசத்துக்கு ஒரு தடவை கிராங்க் புல்லி நட்டுல ஸ்பேனர் போட்டு அரைச் சுத்து திருப்பி விடுங்க, நிறுத்தின இடத்துலயே திரும்ப நிறுத்தாதீங்க.